பதினேழாம் வால்வு

வல்லநேரி நகராட்சியின் தண்ணீர்ப் புரோகிராமைப் படித்து விளக்கம் எழுதுவதற்காகக் கொண்டுவந்த கருவி, புரோகிராமைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்த பிறகும் நிற்காமல், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆபீஸே உண்ட மயக்கத்தில் இருந்த வேளையில், ஊரையும் படிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் உலகம்மை மோர்ச்சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டிருந்தாள். பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடட்டும், புரோகிராமில் நானூற்றுச் சொச்சம் துண்டு இருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் ஓடும் என்று நினைத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

ஐம்பத்திரண்டு வயதான உலகம்மைதான் அந்த நகராட்சியின் ஒரே புரோகிராமர். கோவில்பட்டியிலிருந்து பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த நாற்காலிக்கு வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகு அந்தக் காரணம் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எத்தனை நிமிஷம், எந்த வால்வை எப்போது திறந்து எப்போது மூடுவது என்பதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்ட அந்தப் புரோகிராம்தான் பார்த்துக்கொண்டது. முதலில் எழுதியவர் ஞானதுரை என்று ஓர் உள்ளூர்க்காரர். அரை நாளில் எல்லாவற்றையும் இவளிடம் ஒப்படைத்துவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறியவர், அப்புறம் ஒரு கடுதாசி போடவில்லை. அவர் எழுதியதன்மேல் இவள் ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் ஒட்டுப்போட்டு, எந்தத் துண்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது ஆண்டவனுக்கும் உலகம்மைக்கும் மட்டுமே தெரியும், ஆண்டவனுக்குக்கூடச் சில நாள் சந்தேகம் வரும் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள்.

சித்திரை முதல் தேதியிலிருந்து ஒரு புதுக் கம்பெனி தன்னுடைய சிஸ்டத்தைக் கொண்டுவந்து வைப்பதாக ஏற்பாடு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் புரோகிராம் என்ன செய்கிறது என்று எழுதிக் கொடுங்கள். யார் எழுதி வைத்தார்கள்? அதனால்தான் கருவி வந்தது. புரோகிராமின் ஒவ்வொரு துண்டையும் அது படிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதும். இந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது, இது எந்தெந்தத் துண்டுகளை நம்பி இருக்கிறது, எந்தெந்தத் துண்டுகள் இதை நம்பி இருக்கின்றன என்று மூன்று பத்தி. கடைசியில், எதுவுமே தன்னை நம்பி இராத துண்டுகளை ஒரு தனிப் பட்டியலாகப் போட்டுக் கொடுக்கும். அந்தப் பட்டியலில் இருப்பதைப் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, வெட்டிவிடலாம் என்று உலகம்மையே தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதிக் கமிஷனர் குணசீலனிடம் கொடுத்திருந்தாள். தொழிலில் எல்லோரும் செய்கிற வழக்கம்தான், அதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது பிரிண்டரிலிருந்து தரையில் மடிந்து மடிந்து விழுந்துகொண்டிருந்த காகிதத்தில், கடைசி வால்வின் பக்கத்துக்கு அடுத்த பக்கம் இப்படி இருந்தது: அகிலாண்டம், துப்புரவுப் பணியாளர், மூன்றாம் வார்டு. இவர் நம்பி இருப்பவர்கள்: நான்கு பேர். இவரை நம்பி இருப்பவர்கள்: நாற்பத்தொரு பேர். கீழே நாற்பத்தொரு பேரின் பெயரும் விலாசமும். உலகம்மை அதைப் படித்துவிட்டு, காகிதம் தீர்ந்துவிடப்போகிறது என்று ஸ்டோர் ரூமுக்கு ஆள் அனுப்பினாள்.

பதினொரு நாள் ஓடியது. அகர வரிசையில் ஊர் முழுக்க வந்தது. முதல் நாள் ஆபீஸ்காரர்கள் தங்கள் பக்கத்தை வாங்கிப் போனார்கள், இரண்டாம் நாள் அவர்களுடைய மச்சினர்களும் சம்பந்திகளும் வந்தார்கள், மூன்றாம் நாள் வாசலில் டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று, நாலாம் நாள் டோக்கன் கொடுக்கிறவனுடைய பக்கத்தில் அவனை நம்பி இருப்பவர்கள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. ஒரு மிஷின் எப்படி இதைச் செய்யும் என்று கேட்டவர்கள் வல்லநேரியில் ரொம்பக் குறைவு. என் பக்கம் எப்போது வரும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். பேருந்து நிலையத்து டீக்கடைப் பிரமநாயகத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நம்பி இருந்தார்கள், அவருடைய முதல் டீ இறங்காவிட்டால் அவர்களுக்குக் காலைக்கடன் நடக்காது. அவர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். ஒன்பதாம் வார்டு கவுன்சிலரை இரண்டே பேர் நம்பி இருந்தார்கள், ஒருவர் டிரைவர், இன்னொருவர் மாலை கட்டுகிறவர். அவர் தன் பக்கம் அச்சுப்பிழை என்று அறிக்கை விட்டார்.

பேக்கரி நடத்துகிற தாவீதுக்கும் அவர் சம்சாரத்துக்கும் வந்த பக்கங்களில் கருவி ஓர் எச்சரிக்கை போட்டிருந்தது. இவர் அவரை நம்பி இருக்கிறார், அவர் இவரை நம்பி இருக்கிறார், சுற்றிக்கொண்டு நிற்கிறது, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை என்று. தாவீதின் சம்சாரம் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதைச் சொல்ல ஒரு மிஷின் வேண்டியிருக்கிறதா என்று உள்ளே போய்விட்டாள். ஆனாலும் அன்றைக்குக் கடையில் தேங்காய் பன் எல்லோருக்கும் ஒன்று கூடுதலாகக் கிடைத்தது.

போகப்போக ஊருக்கு அது பழகிவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு பக்கத்தையும் கேட்டார்கள். மாப்பிள்ளை அதிகமாக யாரை நம்பி இருக்கிறார் என்று பார்த்து, அம்மா பெயர் முதலில் இருந்தால் யோசித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பக்கத்தின் நகல் இரண்டு வேண்டும் என்றார்கள். நகராட்சி ஒரு வட்ட முத்திரை செய்து, முத்திரை குத்தாத பக்கம் செல்லாது என்று போர்டு வைத்தது. ஒன்றை மட்டும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்: கருவி, யாராவது எங்காவது வாயால் சொன்னதையும் கையால் எழுதியதையும் வைத்துத்தான் எழுதியது. மனசுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது எதுவும் அதில் வரவில்லை. வல்லநேரியில் சொல்லப்படாமல் இருந்த காதல்கள் ஒன்றுகூட அதில் இல்லை, அதில் நாலு பேருக்கு நிம்மதி, ஏழெட்டுப் பேருக்கு ஏமாற்றம்.

பன்னிரண்டாம் நாள் கடைசித் தாள் வந்தது. யாரும் நம்பி இராதவற்றின் பட்டியல். புரோகிராமிலிருந்து ஒன்பது துண்டுகள். அதற்குக் கீழே, ஒரு கோடுகூடப் போட்டுப் பிரிக்காமல், இரண்டு மனிதர்கள்: தளவாய், தினக்கூலி. உலகம்மை, புரோகிராமர்.

அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு பிரிண்டரை அணைத்தாள். இருபத்திரண்டாயிரம் பேருக்குப் பக்கம் எடுத்துக் கொடுத்தவளுக்கு, முத்திரை குத்திக் குத்திக் கட்டைவிரல் வீங்கிப்போனவளுக்கு, உன்னை நம்பி ஒரு நாய்கூட இல்லை என்று அவள் கொண்டுவந்த மிஷினே எழுதிக் கொடுத்துவிட்டது. வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தாள், நடக்கவில்லை. நம்பாமலிருக்க வழியில்லை, மற்ற எல்லாருடைய பக்கமும் சரியாக இருந்ததே. அந்தத் தளவாய் யார் என்று பக்கத்து மேஜை கிளார்க்கிடம் கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பியூனிடம் கேட்டாள், அவன் டீ வாங்கிவர மறந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனான். ஊர்க்காரர்கள் ஒரு பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பினால் ஏதோ பழைய சண்டையாக இருக்கும், வந்தேறி நமக்கெதற்கு என்று அவளும் விட்டுவிட்டாள்.

கமிஷனர் குணசீலன் கெட்டவர் இல்லை. ஒரு விதி என்று இருந்தால் அதை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். அவர் உலகம்மையைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மேஜைமேல் அந்தத் தாளையும் அவள் கையால் எழுதிய குறிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"யாரும் நம்பி இல்லாததைப் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்னு நீங்கதானே மேடம் எழுதிக் கொடுத்தீங்க?" என்றார். "துண்டுக்கு ஒரு விதி, ஆளுக்கு ஒரு விதின்னு நான் எப்படி எழுத முடியும்?"

சித்திரை முதல் தேதியோடு அவளுடைய இடமும் அந்தத் தளவாயின் தினக்கூலியும் எடுக்கப்படும், ஆட்சேபணை இருந்தால் பங்குனி முடிவதற்குள் எழுத்தில் தரலாம் என்று கோப்பில் எழுதியிருந்தது. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது. அதைவிட, என்ன எழுதுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. என்னை நம்பி இருக்கிறார்கள் என்று எழுதினால், யார் என்று கேட்பார்கள்.

தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு, பட்டியலைப் பார்த்து வெட்டுவதற்கு முன்னால் கையில் சூடுபட்டவர்கள் செய்வது. இந்த மாதிரிக் கருவிகளுக்கு ஒரு குருட்டு இடம் இருக்கிறது. ஒரு துண்டு இன்னொரு துண்டைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் கருவி கண்டுபிடித்துவிடும். பெயரை எங்கும் எழுதாமல், ஓடுகிற நேரத்தில் அங்கே ஓர் எழுத்து இங்கே ஓர் எண் என்று எடுத்துச் சேர்த்துப் பெயரை உண்டாக்கிக்கொண்டால் அதற்குத் தெரியாது. ஆகவே சந்தேகமான துண்டை முதலில் வெட்டாமல் வெறுமனே மூடி வைப்பார்கள். ஒரு வாரம் காத்திருப்பார்கள். எங்கிருந்தாவது கூச்சல் வந்தால் திறந்துவிடுவார்கள். வராவிட்டால் வெட்டுவார்கள். உலகம்மை திங்கட்கிழமை காலையில் போய் அந்த ஒன்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாக மூடினாள்.

ஒன்பதாவது துண்டு பதினேழாம் வால்வினுடையது. தினமும் மாலை நாலு பத்துக்குத் திறந்து இருபது நிமிஷம் கழித்து மூடுகிற துண்டு. எந்தத் தெருவுக்கு என்று அதில் இல்லை. வரைபடத்திலும் பதினேழாம் வால்விலிருந்து ஒரு குழாய் மேற்கே போய், ஊர் முடிகிற இடத்தில் ஒரு வெற்றிடத்தில் நின்றது, வரைந்தவர் அங்கே எதையும் எழுதவில்லை. துண்டின் தலையில் ஞானதுரை ஒரு குறிப்பு வைத்திருந்தார்: 'தொடாதே. ஏன் என்று எழுத முடியாது.' திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்தாலும், பத்தொன்பது வருஷமும் அவள் அதைத் தொட்டதில்லை. மின்சாரம் போய்க் கடிகாரம் பிசகிய போதெல்லாம் இதையும் நாலு பத்துக்குத் திருத்தி வைத்தாள். மோட்டார் மாற்றியபோது இதற்கும் அழுத்தம் சரிபார்த்தாள். எதற்கென்று தெரியாமலே செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

ஒன்பதையும் மூடியபின் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. பட்டியலில் மிச்சம் இருப்பதையும் மூடிப் பார்த்தால் என்ன? ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள், காரணம் சொந்த வேலை. போனை அணைத்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கூச்சல் போட்டுக்கொண்டு வருகிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அடுக்களைப் பரணைச் சுத்தம் செய்தாள், ஒருவரும் வரவில்லை. புதன்கிழமை வாசலில் ஒரு சைக்கிள் நின்றது, எழுந்து போய்ப் பார்த்தாள், எதிர்வீட்டுக்குத் தபால். தெருவில் வழக்கம்போல ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது, குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது, பெண்கள் யார் முதலில் என்று சண்டை போட்டார்கள், எல்லாம் அவள் இல்லாமலே ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடக்கும்படி எழுதி வைத்தவளும் அவள்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆபீஸில் எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் இப்போது பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள், அந்தப் பக்கங்களையும் அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதபின் பசித்தது, உப்புமா கிளறினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போது, வாசல் கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். இடுப்பு வேட்டியெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. கேட்டைத் தொடவில்லை, தட்டவில்லை, கூப்பிடவில்லை. யாராவது தற்செயலாகப் பார்க்கட்டும் என்பதுபோல் அங்கேயே நின்றார். உலகம்மை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து, யார் வேண்டும் என்று கேட்டாள்.

"நாலு பத்துத் தண்ணி வரல தாயி," என்றார் அவர். "திங்கக்கிழமையில இருந்து வரல. தொட்டியில கெடந்தத வச்சு ஓட்டுனேன். இன்னைக்கு ஒண்ணு வந்திருக்கு. எல்லாம் முடிஞ்சுட்டு. நாப்பது பேரு கைகாலு கழுவ முடியாம நிக்காவ. அப்படியே வீட்டுக்குப் போவ முடியாதுல்லா."

உலகம்மைக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. மேற்கே போய் வெற்றிடத்தில் நிற்கிற குழாய், யாரும் எழுதாத இடம், பெயரைக் கேட்டதும் மின்விசிறியைப் பார்த்த கிளார்க். வல்லநேரியில் அந்த இடத்துக்குப் போகிறவர்கள் அதன் பெயரைச் சொல்வதில்லை, 'அங்கே' என்பார்கள், அதையும் மெதுவாகச் சொல்வார்கள். அங்கே இருக்கிற ஆளைத் தெரியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவர் வேண்டும் என்று எவரும் கடவுளிடம் கேட்கமாட்டார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கமும் கிடையாது, அதனால் பத்தொன்பது வருஷத்தில் அவள் போனதில்லை, கேட்டதுமில்லை. வாயால் சொன்னதையும் கையால் எழுதியதையும் மட்டும் படிக்கிற கருவி, இருபத்திரண்டாயிரம் பேரும் ஒரு நாள் போய்ச் சேரவேண்டிய இந்த மனிதரை நம்பி ஒருவருமில்லை என்று எழுதியதில் அதன் தப்பு எதுவுமில்லை.

"தளவாய் அண்ணாச்சியா?" என்றாள்.

அந்தச் சொல்லில் அவர் கொஞ்சம் தடுமாறினார். அவரை அப்படி யாரும் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"என்கிட்டச் சொல்லணும்னு யாரு சொன்னா?"

"அந்தக் காலத்துலயே ஞானதொர சாரு சொன்னாவ. தண்ணி நிண்ணுட்டுன்னா ஆபீசுல போயி சொல்லாத, உன்ன உள்ள விட மாட்டாவ, அந்தச் சீட்டுல யாரு இருக்காவளோ அவுக வீட்டுக்குப் போயி சொல்லுன்னு. சாருக்குப் பெறவு நீங்கதான்னு எனக்குத் தெரியும். வீடும் தெரியும். பத்தொம்பது வருசமாத் தண்ணி நிக்கல தாயி, அதான் நான் வரல."

உலகம்மை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதான் நான் வரல. ஒருநாள் தண்ணீர் நின்றிருந்தால் இவர் வந்திருப்பார், வந்து சொல்லியிருப்பார், சொன்னது கருவியின் காதில் விழுந்து அவள் பக்கத்தில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஒருநாள்கூட நிற்கவிடாததால் அந்த இடம் காலியாக இருந்தது. இதை யோசிக்க இப்போது நேரமில்லை. உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்து ஆபீஸ் மிஷினோடு இணைத்து, ஒன்பதாவது துண்டைத் திறந்துவிட்டு, பதினேழாம் வால்வுக்குக் கையாலும் ஓர் உத்தரவு கொடுத்தாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்தாள். அவர் பின்னால் உட்காரமாட்டேன் என்றார், நடந்தே வருகிறேன் என்றார். நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று அவள் சொன்னதும் உட்கார்ந்தார். ஓரமாக, எதன்மேலும் படாமல் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வந்திருந்தது டீக்கடைப் பிரமநாயகம். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தேவைப்பட்டவர், கடைசியில் தனக்குத் தேவைப்பட்ட ஒருவரிடம் வந்து சேர்ந்திருந்தார். வேலிக்குள்ளே, காய்ந்த சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி, நாற்பது ஆண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். பேக்கரி தாவீது நின்றார். ஒன்பதாம் வார்டு கவுன்சிலர் நின்றார். அவர்களுக்கு நடுவில் பேண்ட்டைக் கெண்டைக்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு கமிஷனர் குணசீலனும் நின்றார். எல்லோரிடமும் போன் இருந்தது. ஆனால் யாருக்குப் போட்டாலும் எங்கே இருந்து பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள், அங்கே இருந்து என்று சொல்ல வேண்டும், அந்த இடத்திலிருந்து ஒரு வீட்டுக்குப் போன் போவது நல்லதில்லை. கழுவாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது. ஒன்றேமுக்கால் மணி நேரமாக ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

ஒரு பெண் உள்ளே வருவதைப் பார்த்ததும் சிலர் முகம் மாறியது. குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அப்புறம் துருநிறத்தில் கொஞ்சம், அப்புறம் நல்ல தண்ணீர். நாற்பது பேரும் வரிசையில் வந்து கையைக் கழுவினார்கள், காலைக் கழுவினார்கள், தலையில் தெளித்துக்கொண்டார்கள். கமிஷனர் கழுவும்போது தண்ணீரைப் பார்த்தார், தளவாயைப் பார்த்தார், உலகம்மையைப் பார்த்தார். பிறகு எல்லோரும் போனார்கள். வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்திலிருந்து அப்படித்தான் போக வேண்டும், நன்றி சொல்வதும் கிடையாது. உலகம்மைக்கு அது கோபத்தைத் தரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவை ரத்துசெய்துவிட்டு ஆபீஸுக்குப் போனாள். மத்தியானம் கமிஷனரிடமிருந்து அந்தக் கோப்பு அவள் மேஜைக்குத் திரும்பி வந்தது. 'பட்டியல் பார்க்கப்பட்டது. இருப்பது இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. எல்லா விதிக்கும் காரணம் எழுதுகிற மனுஷன், அங்கே மட்டும் பேனாவை வைத்து வைத்து எடுத்ததற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் இருந்தன.

அவள் பதினேழாம் வால்வின் துண்டைத் திறந்தாள். தொடாதே, ஏன் என்று எழுத முடியாது. திமிர் என்று பத்தொன்பது வருஷம் நினைத்தது தப்பு, ஞானதுரையும் இந்த ஊர்க்காரர்தானே, அவரால் நிஜமாகவே எழுத முடிந்திருக்காது. உலகம்மை கோவில்பட்டிக்காரி. தினமும் அந்தத் துண்டைத் தட்டி எழுப்புகிற டைமரைப் பார்த்தாள், அதிலும் பெயர் இல்லை, எண்ணை ஒட்டவைத்துத்தான் கூப்பிட்டிருந்தார். அதை அப்படியே விட்டாள். குறிப்புக்குக் கீழே மட்டும் எழுதினாள்: 'மாலை நாலு பத்து. மயானத்துத் தொட்டி. தளவாய் அண்ணாச்சி பொறுப்பு. இந்தத் தண்ணீர் இல்லாமல் ஊரார் வீடு திரும்ப முடியாது. நானும் ஒருநாள் அவரிடம்தான் போகவேண்டும்.' புதுக் கம்பெனிக்கு இது விளங்குமோ விளங்காதோ, படிக்கட்டும் என்று கருவியை இன்னொரு தடவை ஓட்டினாள்.

இந்தத் தடவை ஊருக்கென்று இரண்டு பக்கம்தான் வந்தது. பிரிண்டர் நின்றது, அதற்குப் பிறகு எத்தனை ஓட்டினாலும் துண்டுகளின் பக்கம்தான் வந்தது, ஊரின் பக்கம் வரவில்லை. வல்லநேரியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வட்ட முத்திரை மட்டும் வீணாகக் கிடந்தது, அதைத் தண்ணீர் ரசீதுக்கு வைத்துக்கொண்டார்கள். வந்த இரண்டு பக்கங்களில் ஒன்று தளவாயினுடையது. இவரை நம்பி இருப்பவர்: ஒருவர். உலகம்மை, புரோகிராமர். இன்னொன்று அவளுடையது. இவரை நம்பி இருப்பவர்: ஒருவர். தளவாய், தினக்கூலி. இரண்டின் அடியிலும், தாவீதுக்கும் அவர் சம்சாரத்துக்கும் போட்டது போலவே, சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று எச்சரிக்கை போட்டிருந்தது.

தளவாயின் பக்கத்துக்கு முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு, அன்றைக்கே நாலு மணிக்கு அங்கே போனாள். யாரும் வந்திருக்கவில்லை. அவர் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குழாய்ப் பக்கத்தில் குந்தியிருந்தார். நாலு பத்துக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் அது நிறைவதைப் பார்த்தார்கள். பக்கத்தை அவரிடம் கொடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும், என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

"உங்களை நம்பி நான் ஒருத்தி இருக்கேன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

அவர் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வால்வு மூடியது, தொட்டி நிறைந்து நின்றது. உலகம்மை ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டு, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற பழக்கத்தில், இடம் எது என்பதை மறந்து, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தளவாய் சிரித்தார்.

"மெதுவா வாங்க தாயி," என்றார். "ஒண்ணும் அவசரமில்ல."